ஒரு பிடி அரிசியும் ஓர் ஏக்கர் மல்லாட்டையும்



திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் கலந்த வட்டாரம் இது. நெல்லும் மணிலாவும் இங்கு முக்கியப் பயிர்களாகும். மணிலாவை இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்றே வழங்குவர். ஆகவே இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதுகிறேன்.

அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் விதை நேர்த்தி பற்றிப் பேசச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு மூதாட்டி எழுந்தார். "சார், மகசூல் கூட்டற வழி சொன்னீங்க, சரி. எங்க தெருவுல மூணு கிழவிங்க தனியா கெடக்குதுங்க. புள்ளைங்க பெங்களூரு, திருப்பூருன்னு போயிட்டாங்க. அதுங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னு பேசறோம், கையில காசு நிக்கல. அதுக்கு என்னா வழி சார்?" என்று கேட்டார்.

உழவியல் படித்த எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்ததில், அத்தெருவினர் முன்பே ஒரு முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்று முடிவு செய்து மூன்று மாதம் தண்டியிருக்கிறார்கள். நான்காம் மாதம் உரச் செலவும் களைக் கூலியும் வந்தன. பணம் நின்றது, உதவியும் நின்றது. மனம் இல்லாமல் அல்ல. சிறு உழவர் வீட்டில் ரொக்கம் வருவது ஆண்டில் இரண்டு அல்லது மூன்று முறைதான். மாதா மாதம் ரொக்கம் கேட்கும் எந்தத் திட்டமும் அவ்வீட்டில் நிலைக்காது. நாள்தோறும் அவ்வீட்டில் புழங்கும் பொருள் தானியம் ஒன்றே. உதவியும் அதிலிருந்து பிறந்தால்தான் தொடர்ந்து நடக்கும்.

பழைய வழக்கம்

உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவது நம் தாய்மார்கள் அறிந்த வழக்கமே. காஞ்சி மடத்துப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி இதனைப் பிடி அரிசித் திட்டம் என்று ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் நாளும் ஒரு பிடி அரிசியோடு ஒரு காசும் எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் கூறிய முறை. அரிசி மட்டும் இருந்தால் சோறு ஆகாது, விறகுக்கும் உப்புக்கும் யார் கொடுப்பது என்று எண்ணியே அந்தக் காசைச் சேர்த்திருக்கிறார். பூமிதான இயக்கம் நடத்திய வினோபா 1950-களின் பிற்பாதியில் 'சர்வோதயப் பாத்திரம்' என்று இதையே சொன்னார். அவர் வைத்த விதி சற்று வேறு. பாத்திரத்தில் தானியத்தை இடுவது அவ்வீட்டுக் குழந்தையின் கையாக இருக்க வேண்டும் என்றார்.

வடலூரை நாம் அனைவரும் அறிவோம். அங்கே வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் பெருஞ்செல்வர் அல்லர். பார்வதிபுரத்து மக்கள் கூடி அளித்த 80 காணி நிலம் அது.

வெகு தொலைவில், வடகிழக்கு மலைகளில் உள்ள மிசோரத்தில் 1910-ஆம் ஆண்டு முதல் திருச்சபைப் பெண்கள் இம்முறையைக் கடைப்பிடித்து வருகின்றனர். சமைக்கும் வேளைதோறும் ஒரு பிடி எடுத்து வைத்து, திரட்டி, அரிசியாகவே வைத்திராமல் விற்றுப் பணமாக்கி அறப்பணிகளுக்குச் செலவிடுகின்றனர். மலைச் சரிவில் சிறு சாகுபடி செய்து வாழ்ந்த மக்கள் தொடங்கிய இப்பழக்கம் நூறாண்டு கடந்து நிற்கிறது. இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பணம் சேர்கிறது. விற்றுப் பணமாக்குதல் என்ற இச்செய்தியை நினைவில் வைக்கவும். பின்னர் நமக்கு உதவும்.

அரசுத் திட்டங்களிலும் மக்களின் சிறு பங்கு கலந்ததுண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசு அரசும் 4 காசு ஊராரும் ஏற்ற காலம் இருந்தது. கார்த்திகைத் தீபத்திற்கு அண்ணாமலையின் உச்சியில் எரியும் நெய்யிலும் கால் கிலோ, அரைக் கிலோ என்று பணம் கட்டிய எளியவர்களின் பங்கு இருப்பதை இவ்வட்டாரத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பிடி எவ்வளவு?

இதனை எடை போட்டுப் பார்ப்பது நலம். என் வீட்டில் போட்டுப் பார்த்தேன். என் மனைவியின் பிடி 40 கிராம். என் பிடி 60 கிராம் வந்தது. "சமைப்பது நான்தானே, என் பிடியையே கணக்கில் எழுதுங்கள்" என்றார் அவர். எனவே 40 கிராம் என்றே கொள்வோம்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ அரிசி பொங்கினால் ஒரு பிடி என்பது 25-இல் ஒரு பங்கு. சோறு குறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாதம் 1.2 கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 14.6 கிலோ ஆகிறது. தெருவில் 50 வீடு சேர்ந்தால் மாதம் 60 கிலோ. 100 ரூபாய் கேட்டபோது நின்றுபோன அதே தெருவில் இது நிற்காது. ஏனெனில் இது யாருடைய பணப்பையையும் தொடுவதில்லை.

அளந்த அரிசியிலிருந்து எடுப்பதுதான் முறை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று இருந்தால் மிஞ்சவே மிஞ்சாது. மூடையிலிருந்து தனியாக எடுத்தால் அது கூடுதல் செலவு. உலைக்கு அளந்ததிலிருந்து எடுத்தால் செலவே இல்லை.

அந்தப் பிடியை எலியிடமிருந்து வாங்குதல்

"எங்களுக்கே போதவில்லையே" என்பார் உண்டு. அவ்வீட்டில் முதலில் எலி எத்தனை என்று பார்க்க வேண்டும். வளர்ந்த எலி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம் தானியம் தின்னும். இரண்டு எலி தின்பது 50 கிராம், அதாவது நம் ஒரு பிடியைவிட அதிகம். புழுக்கையாலும் மூத்திரத்தாலும் கெடுப்பது தனிக் கணக்கு. தரையில் மூடை அடுக்கிய வீட்டில் இரண்டு எலியோடு நிற்பதும் இல்லை.

மூடைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். சுவரை ஒட்டி அடுக்கினால் அந்த இடுக்கே எலிக்குப் பாதையாகி விடும். பெட்டிப் பொறியில் சுட்ட கருவாடோ தேங்காய்ச் சில்லோ வைத்து, முதல் இரண்டு நாள் கதவை விழாமல் கட்டி விட்டுப் பழக்கி, மூன்றாம் நாள் இயக்கினால் எலி நன்கு சிக்கும். தானியம் வைத்த அறையில் நஞ்சு உணவு வைக்க வேண்டாம்.

அடுத்தது ஈரம். நெல்லைச் சேமிக்குமுன் 12 முதல் 13 சதம் ஈரத்திற்குக் காய வைக்க வேண்டும். கருவி இல்லாதவர் பல்லில் கடித்துப் பார்க்கலாம். நசுங்கினால் காயவில்லை, 'கடுக்' என்று உடைந்தால் காய்ந்தது. தார்ச்சாலையில் கொட்டாமல் களத்திலோ தார்ப்பாயிலோ காய வைத்தால் கல்லும் மண்ணும் கலவாது, வண்டிச் சக்கரத்தில் குருணையும் ஆகாது. பழைய சாக்கை அப்படியே பயன்படுத்துவது நம்மிடம் உள்ள தவறான பழக்கம். சென்ற ஆண்டின் வண்டு அதன் தையலில்தான் ஒளிந்திருக்கும். கொதிநீரில் முக்கி வெயிலில் உலர்த்திய பிறகே நிரப்ப வேண்டும்.

உளுந்து, துவரை, பச்சைப் பயறு ஆகியவற்றை முழுப் பயறாக வைப்பதைவிட உடைத்துப் பருப்பாக வைத்தால் பயறு வண்டு பெருகுவதில்லை. முழுதாக வைக்க நேர்ந்தால் கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம். எண்ணெய் பூசிய பயற்றில் வண்டு இடும் முட்டை பொரிப்பதில்லை.

அடுப்பிலும் சிறிது மிச்சம் உண்டு. அரிசியை அரை மணியும் முழுப் பயற்றை இரவு முழுவதும் ஊற வைப்பது, பாத்திரத்தை மூடிச் சமைப்பது, பருப்பு வெந்த பிறகே புளி சேர்ப்பது ஆகியவை தாய்மார்கள் அறிந்தவையே. புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகத் தாமதமாகும். உலை கொதித்தபின் தீயைத் தணிக்கலாம். கொதிக்கும் தண்ணீருக்கு மேலும் தீ கொடுத்தால் ஆவிதான் கூடுமே தவிர அதன் சூடு கூடாது. இவ்வாறு மிஞ்சும் எரிவாயுக் காசே, காஞ்சிப் பெரியவர் சொன்ன அந்த ஒரு காசு என்று வைத்துக் கொள்ளலாம்.

கலயத்தைக் காத்தல்

இதில் என் சொந்தத் தவற்றைச் சொல்கிறேன். பேச்சு முடிந்து வந்தபின் நானே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பிடி அரிசி சேர்க்கத் தொடங்கினேன். ஒருசேர நிறையக் கொடுக்கலாம் என்று நான்கு மாதம் திறந்து கொட்டாமல் மேல் மேல் போட்டேன். கொடுக்க எடுத்தபோது அடியில் இருந்தது அரிசி அன்று, வண்டும் மாவும். புடைத்துப் பார்த்ததில் பாதிதான் தேறியது. அதையும் பிறருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பூச்சி மேலாண்மை பற்றிப் பிறருக்கு வகுப்பெடுக்கும் வீட்டில் இது நேர்ந்தது.

காரணம் எளிது. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை அடைத்து விடும். நம் நாட்டு வெப்பத்தில் அம்முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகி வண்டாக வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். மாதம் ஒருமுறை கலயம் காலியானால் புதிய தலைமுறை பெருக இடமில்லை. நான்கு மாதம் வைத்தால் நான்கு தலைமுறை. எனவே நிறையச் சேர்த்துக் கொடுப்பதைவிட அடிக்கடி கொடுப்பதே இதில் அறிவுடைமை.

மாதம் ஒருமுறை என்பதை எப்படி நினைவில் வைப்பது? திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களுக்கு இது எளிது. பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டம் பேருந்தை நிறைத்துச் செல்வதை மறக்க முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29½ நாள். வண்டின் கணக்கிற்குப் பொருந்தி வருகிறது. பௌர்ணமியன்று கலயங்களைத் திரட்டுவது என்று தெருவில் வைத்துக் கொள்ளலாம்.

கலயம் மண்ணாக இருப்பின் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரக் கையால் பிடி எடுத்தல் கூடாது; அரிசியைக் கழுவுமுன் எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்திய நொச்சி அல்லது வேப்பிலை சிறிது போட்டு மூடி வைக்கலாம்.

அரிசியாகவே கொடுக்க வேண்டுமா?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிடி அரிசி என்ற எண்ணம் அரிசிப் பஞ்சம் இருந்த காலத்தில் வேரூன்றியது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாத்திரி வாரம் ஒரு வேளை உணவை விடும்படி நாட்டையே கேட்டுக் கொண்டார். நிலைமை அவ்வாறு இருந்தது. இன்று அப்படியில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அட்டைதாரர்க்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அந்த மூன்று மூதாட்டியர் வீட்டிலும் அரிசி இருந்தது. பருப்பு இல்லை, எண்ணெய் குறைவு, காய்கறி அரிது. மருத்துவமனைக்குச் சென்றுவர மருந்துச் செலவும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டினால் நமக்கு மன நிறைவு கிடைக்கும், அவர்களுக்குப் பயன் இல்லை.

எனவே மிசோரத்தார் செய்வது போல் அரிசியை மாற்றிக் கொள்ள வேண்டும். தெருவில் நெல் விளையாத வீடு சில இருக்கும். அவர்கள் கடையில் வாங்கும் அரிசிக்குப் பதில் இந்த 60 கிலோவைச் சந்தை விலைக்கு வாங்கிக் கொண்டால் ரொக்கம் கைக்கு வருகிறது. அதைக் கொண்டு பருப்பு, எண்ணெய், மருந்து வாங்கலாம். அரிசி தெருவை விட்டுப் போகவும் இல்லை, வியாபாரிக்குக் கழிவு கொடுக்கவும் இல்லை. ஓர் எச்சரிக்கை: நியாயவிலைக் கடை அரிசியை விற்பது சட்டப்படி குற்றமாகும். கலயத்தில் சொந்த வயல் அரிசியை மட்டுமே இட வேண்டும். இரண்டையும் கலக்க வேண்டாம்.

பயறு விளையும் வீட்டார் அரிசிக்குப் பதில் அரைப் பிடி பருப்பே இடலாம். கழுநீர் விழும் இடத்தில் முருங்கை ஒன்று நட்டிருப்பவர் வாரம் இருமுறை கீரை ஒடித்துக் கொடுக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடி முருங்கை விதையிலிருந்தே வளரும். விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரை அதற்கு முன்பே கிடைக்கும்.

பூசணம் பிடித்த காய் உதவிப் பொருள் அன்று

சுருங்கிய, பூசணம் பூத்த மல்லாட்டையை "வீணாக்குவானேன், யாருக்காவது கொடுப்போம்" என்று கொடுப்பதைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். இது மிகத் தவறு. ஈரத்தில் கிடந்த காயில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுவதும் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். அத்தகைய பருப்பைப் பொறுக்கி நீக்கிப் புதைத்துவிட வேண்டும். சிக்கனம் என்பது கெட்டதைக் காப்பாற்றுவது அன்று. அறுவடை செய்த செடியைக் குவித்து வைக்காமல், காய் மேலே தெரியும்படித் திருப்பிப் போட்டு உடனே காய வைத்தால் இந்த நட்டமே நேராது. காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை உலர்த்த வேண்டும்.

மல்லாட்டைக் கலயம்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக்கென்று நான் கூற விரும்பும் யோசனை இதுவே. மல்லாட்டைச் சாகுபடியில் பெரிய செலவுகளில் ஒன்று விதை. சிறு பருப்பு இரகத்திற்கு ஹெக்டேருக்கு 125 கிலோ, அதாவது ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு தேவை. பருப்புப் பெரிதான இரகத்திற்கு இன்னும் சற்றுக் கூடும். விதைத்தபின் மழை பொய்த்து முளைப்பு கெட்டாலும், பூ விடும் காலத்தில் வாடினாலும், அடுத்த பட்டத்திற்கு விதை வாங்க அந்த உழவர் கடன்தான் வாங்க வேண்டும். தனியாகக் கிடக்கும் முதியோரைப் போலவே, விதை இழந்த உழவரும் ஊர் தாங்க வேண்டியவர்தான். ஆனால் அவர் கேட்க மாட்டார்.

50 வீட்டார் அறுவடையின்போது வீட்டுக்கு ஒன்றரை கிலோ காய் எடுத்து வைத்தால் 75 கிலோ காய் சேரும். 100 கிலோ காய்க்கு ஏறத்தாழ 70 கிலோ பருப்பு என்று கொண்டால் 52 கிலோ பருப்பு தேறும். இது ஓர் ஏக்கருக்கான விதை. கொடுத்தவருக்கு ஒன்றரை கிலோ பெரிதன்று. பெற்றவருக்கு ஒரு பட்டமே திரும்பக் கிடைக்கிறது.

இதனைப் பிடி அரிசி போல் எளிதாகக் கருத வேண்டாம். கலப்பு விதை கொடுத்தால் உதவி உபத்திரவமாகும். ஒரு கலயத்தில் ஓர் இரகம் மட்டுமே சேர்க்க வேண்டும். நோயற்ற, நன்கு காய்த்த செடிகளிலிருந்து முற்றிய காயாகப் பொறுக்க வேண்டும். நன்கு உலர்த்திய பின் காயாகவே சாக்கில் வைக்க வேண்டும். உடைத்து வைத்த பருப்பு விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். விதைக்கச் சில நாள் முன்பே கையால் உடைக்க வேண்டும். உடைத்தபின் 100 பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரத்தில் 70-க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று பார்த்த பிறகே ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். குறைந்தால் எண்ணெய்க்கு விற்று அப்பணத்தை விதைக்குப் பயன்படுத்தலாம். விதைக்குமுன் கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து கொள்வது வேரழுகலைத் தடுக்கும்.

பெற்றவர் திருப்பித் தரவேண்டுமா என்று கேட்பீர்கள். விளைந்தால் பெற்ற அளவையும் தம் வீட்டுப் பங்கான ஒன்றரை கிலோவையும் கலயத்தில் இடலாம். விளையாவிட்டால் கேட்கக் கூடாது. இதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதி வைத்துக் கொள்வது பின்னால் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

கணக்கு எழுதுவதும் பெரிய வேலையன்று. 40 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவரிடம் எழுதச் சொல்லலாம். எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று எழுத வேண்டாம். ஒரு பிடி குறைந்த வீடு அடுத்த மாதம் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்தும். மொத்தம் எவ்வளவு வந்தது, என்ன விலைக்குப் போனது, என்ன வாங்கப்பட்டது என்ற மூன்று வரிகள் போதும்.

இக்கணக்கை அந்த ஊர்த் தாய்மார்களிடம் தொலைபேசியில் சொன்னேன். அன்று கேள்வி கேட்ட மூதாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "பிடி நாப்பது கிராம்னீங்களே, அது யாரு பிடி சார்? எங்க கை ஏர் புடிச்ச கை, இன்னும் கொஞ்சம் கூடத்தான் வரும்" என்றார். வரும் பௌர்ணமிக்கு முதல் கலயத்தைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.